பழைய வலைப்பூவா, புது இடமா: இடைவெளிக்குப் பிறகு எங்கே எழுதுவது?

ஆறு வருடம் ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டு, 2023-இல் என் வலைப்பூவின் உள்பக்கத்தைத் திறந்தேன். ஒப்புதலுக்காக 43 பின்னூட்டங்கள் காத்துக் கிடந்தன. பெரும்பாலும் குப்பை. கடன் தருகிறோம், ஜாதகம் பார்க்கிறோம் என்று ஒரே வரியைப் பத்துப் பதிவுகளில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவற்றை அழித்துக்கொண்டே வந்தபோது நடுவில் ஒன்று கண்ணில் பட்டது. 2019-இல் வந்தது. தையல் மிஷினில் அடிநூல் சுருண்டு சிக்குவதைப் பற்றி நான் 2011-இல் எழுதிய பதிவுக்கு ஒருவர் எழுதியிருந்தார். பாபின் கேஸைக் கழற்றி உள்ளே அடைந்திருந்த பஞ்சை எடுத்தாராம், மேல்நூலை முதலிலிருந்து கோத்தாராம், இப்போது தையல் ஒழுங்காக விழுகிறதாம். தடித்த துணியில் மட்டும் இடையிடையே தையல் விட்டுப்போகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார்.

நான்கு வருடம் அந்தக் கேள்வி யார் கண்ணிலும் படாமல் உள்ளேயே இருந்திருக்கிறது. அன்றைக்கே திரும்ப எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். எங்கே எழுதுவது என்பதைத் தீர்மானிக்கத்தான் பல மாதம் ஆனது. "பிளாக் எல்லாம் இப்போது யார் படிக்கிறார்கள், நியூஸ்லெட்டர் ஆரம்பி" என்றார் ஒரு தோழி. சொந்த டொமைன் (நமக்கென்று ஒரு இணைய முகவரிப் பெயர்) எடுத்து, வேர்ட்பிரஸ் மென்பொருளில் தளம் வை என்றார் இன்னொருவர். ஃபேஸ்புக்கிலேயே எழுதினால் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். ஒவ்வொன்றையும் கொஞ்ச நாளாவது செய்து பார்த்தேன். அதில் தெரிந்துகொண்டதை, இதே இடத்தில் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு நான் கையில் எடுத்த அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். எது வேகமாக வளரும், எதில் அதிகம் பேர் படிப்பார்கள் என்றெல்லாம் ஆரம்பத்தில் பார்த்தேன். அப்புறம் அதை விட்டுவிட்டேன். ஒருமுறை நின்றவர் மறுபடியும் நிற்பார். உடம்பு முடியாமல் போகும், வேலை மாறும், வீட்டில் ஒருவரைக் கவனித்துக்கொள்ள வேண்டி வரும், சும்மாவே மனசு ஓடாது. அதனால் ஒவ்வொரு இடத்தையும் பார்த்து நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இரண்டு வருடம் இதைத் திரும்பிப் பார்க்காமல் விட்டால், நான் வரும்போது இது இப்படியே இருக்குமா?

முதலில் பழைய வலைப்பூ. கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாக்கரில் எழுதியவர்கள் மேற்கொண்டு படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்துவிடுங்கள்: அந்தக் கணக்கில் ஒருமுறை உள்நுழையுங்கள். இரண்டு வருடம் பயன்படுத்தாமல் கிடக்கும் தனிப்பட்ட கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் விதி கொண்டுவந்து, 2023 டிசம்பரிலிருந்து அதைச் செயல்படுத்துகிறது. தினமும் பார்க்கும் மின்னஞ்சலிலேயே வலைப்பூவும் இருந்தால் பயமில்லை. என்னைப் போல வலைப்பூவுக்கென்று தனிக் கணக்கு தொடங்கி, அதை அப்படியே விட்டவர்கள்தான் பார்க்க வேண்டும். பாஸ்வேர்டு மறந்திருக்கும், மீட்பு எண்ணாகக் கொடுத்த கைபேசி எண் இப்போது நம்மிடம் இருக்காது. அதைச் சரிசெய்யவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

உள்ளே போனதும் பழைய பதிவுகளைப் பார்த்தால் மனசு உடையும். படங்கள் இருந்த இடத்தில் காலிக் கட்டங்கள். வீடியோ இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. இதற்குக் காரணம் உண்டு. 2010-க்கு முன்னால் யூடியூப் வீடியோவை ஒரு பக்கத்தில் ஒட்டினால் அது ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில்தான் ஓடியது. ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்திக்கொண்டது, அதனால் அந்தக் காலத்து நிரல்துண்டுகள் எந்த உலாவியிலும் ஓடாது. யாரும் நீக்கியிருக்காவிட்டால் வீடியோ யூடியூபில் அப்படியே இருக்கும். அதன் புதிய நிரல்துண்டை எடுத்துப் பழையதன் இடத்தில் ஒட்டினால் உயிர் வந்துவிடும். படங்களுக்கு அந்த வழி கிடையாது. வேறு தளத்தில் ஏற்றி, அங்கிருந்து இணைப்பு மட்டும் கொடுத்திருந்த படங்கள் போனது போனதுதான். நாமே பிளாக்கரில் நேரடியாக ஏற்றியவை பெரும்பாலும் இருக்கும்.

இதையெல்லாம் பார்த்துத்தான் நிறைய பேர் "புதிதாகவே ஆரம்பித்துவிடலாம்" என்று கிளம்புகிறார்கள். நானும் கிளம்பினேன். ஆனால் எல்லாப் பதிவையும் செப்பனிட வேண்டிய அவசியமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. புள்ளிவிவரப் பக்கத்தைப் பார்த்தால் எந்தப் பதிவுக்கு இன்னமும் ஆள் வருகிறது என்று தெரியும். என்னுடைய 300-க்கும் மேற்பட்ட பதிவுகளில் 18 மட்டுமே தொடர்ந்து படிக்கப்பட்டு வந்தன. நான் எழுதாத ஆறு வருடத்திலும் அவற்றுக்குத் தேடுபொறி வழியாக ஆள் வந்துகொண்டே இருந்தது. அந்த 18-ஐ மட்டும் ஒரு மாதத்தில் சரிசெய்தேன். செத்த இணைப்புகளில் முக்கியமானவற்றை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் தேடி, அங்கே சேமித்து வைத்திருந்த பக்கத்துக்கு இணைப்பை மாற்றினேன். மீதிப் பதிவுகளைத் தொடவில்லை.

பழைய இடத்தின் உண்மையான பலம் இந்த முகவரிகள்தான். 12 வருடமாக யாரோ எங்கேயோ கொடுத்த இணைப்புகள், யாரோ குறித்து வைத்துக்கொண்ட பக்கங்கள் எல்லாம் அந்த முகவரியை நம்பித்தான் இருக்கின்றன. இடம் மாறினால் அவை ஒரே நாளில் அறுந்துவிடும். பிளாக்கர் முகவரியிலிருந்து வேறொரு தளத்துக்கு முறையான திசைதிருப்பல் (வருகிறவரைத் தானாகப் புது முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு) வைக்க வசதி இல்லை. டெம்ப்ளேட்டுக்குள் நிரல் எழுதி வாசகரை நகர்த்தலாம், தேடுபொறி அதை நிரந்தர மாற்றமாக எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது.

"கூகுள் நாளைக்கே பிளாக்கரை மூடிவிட்டால்?" இந்தக் கேள்வி எனக்கும் உண்டு, அதைத் தள்ளிவிட மாட்டேன். 1999-இல் பைரா லேப்ஸ் தொடங்கிய பிளாக்கரை கூகுள் 2003-இல் வாங்கியது. அதற்கப்புறம் கூகுள் மூடியவற்றில் பதிவர்களைப் பாதித்தவையே பல. பல தளங்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-இல் நின்றது. அதன் சமூக வலைதளமான கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டபோது, அதன் வழியாகப் பதிவுகளுக்கு வந்திருந்த பின்னூட்டங்களும் சேர்ந்து போயின. புதுப் பதிவுகளை வாசகருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய ஃபீட்பர்னர் சந்தா 2021-இல் நின்றது. ஆகவே வருடத்துக்கு இரண்டு முறையாவது பேக்கப் எடுத்து வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அமைப்புகளில் "உள்ளடக்கத்தைக் காப்புப்பிரதி எடு" என்று இருக்கும். அது பதிவுகளையும் பின்னூட்டங்களையும் கொடுக்கும். படங்களும் அதில் வந்துவிடும் என்று நம்பி விடாமல், அவற்றைத் தனியாகவும் சேமிக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பிளாக்கரில் தமிழ்த் தலைப்பு கொடுத்தால் பதிவின் முகவரியில் தலைப்பு வராது. வருடம், மாதம், அதற்குப் பிறகு "பிளாக்-போஸ்ட்" என்ற பொதுப்பெயரும் ஒரு எண்ணும் மட்டும் வரும். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் முகவரி சிறியது, அனுப்பினால் உடையாது. வேர்ட்பிரஸ் தமிழை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த முகவரியைப் பிரதியெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துச் சங்கேதமாக விரியும். "தையல்" என்ற சொல்லை, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடு, ஐந்து குறிகளாக (த, ஐகாரக் குறி, ய, ல, புள்ளி) வைத்திருக்கிறது. முகவரியில் அது 45 எழுத்து! வேர்ட்பிரஸில் பதிவுப்பெயருக்கு இடம் 200 எழுத்துதான் என்பதால், 22 குறிகளுக்கு மேல் போகும் தலைப்பு முகவரியில் பாதியில் வெட்டுப்படும். எங்கே எழுதினாலும் வெளியிடுவதற்கு முன்பே முகவரியை ஆங்கில எழுத்தில், சுருக்கமாக நாமே கொடுத்துவிடுவது நல்லது. பிளாக்கரிலும் அதற்கு இடமுண்டு. அங்கே வெளியிட்ட பின் மாற்றினால் பழைய இணைப்பு அறுந்துபோகும்.

சரி, புது வலைப்பூ எப்போது தேவை? எனக்குத் தெரிந்து இரண்டு காரணங்கள் நியாயமானவை. ஒன்று, எழுதும் பொருள் முழுக்க மாறிவிட்டது. கவிதை எழுதியவர் இனி வரித்தாக்கல் பற்றி எழுதப் போகிறார் என்றால், இரண்டு வாசகர் கூட்டத்தையும் ஒரே வீட்டில் வைப்பது சிரமம். இரண்டு, பழைய பெயரோடு இன்றைக்குத் தொடர்பு வைத்துக்கொள்ள முடியாத சூழல். வேலை, குடும்பம், பாதுகாப்பு என்று அது எதுவாகவும் இருக்கலாம், அதில் வெளியாள் கருத்துச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த இரண்டும் இல்லாமல், பழையது பார்க்க நன்றாக இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் புதிது தொடங்கினால் முதல் வாரம் சந்தோஷமாகப் போகும். டெம்ப்ளேட் தேர்ந்தெடுப்போம், பெயர் யோசிப்போம், "என்னைப் பற்றி" பக்கம் எழுதுவோம். மூன்றாவது பதிவோடு அந்தச் சந்தோஷம் வற்றிவிடும், ஏனென்றால் அங்கே படிக்க யாரும் இன்னும் வரவில்லை. நான் தொடங்கியதும் மூன்று பதிவோடு நின்றது. ஒரு நீண்ட இடைவெளியிலிருந்து தட்டுத்தடுமாறி எழுந்து வருகிறவருக்கு அந்த வெறுமை ரொம்பக் கனம். பழைய இடத்தில் முதல் வாரமே யாராவது ஒருவர் வருவார். தேடிக்கொண்டு வந்தவராகவே இருக்கட்டும், வந்தாரே.

பழையதில் இருக்கும் சில பதிவுகளைப் பார்த்தால் கூச்சமாக இருக்கும்தான். அவற்றை அழிக்க வேண்டாம். வரைவு நிலைக்கு மாற்றினால் வெளியே தெரியாது, உள்ளே இருக்கும். கருத்து மட்டும் மாறியிருந்தால் பதிவின் தலையில் தேதி போட்டு இரண்டு வரி சேர்த்தால் போதும். கோபத்தில் வலைப்பூவையே நீக்கியவர்கள் இருந்தால், பிளாக்கர் 90 நாள் வரை மீட்க விடுகிறது. அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து, சொந்த டொமைனில் வேர்ட்பிரஸ். 2003-இல் வந்த இந்த மென்பொருளில் செய்ய முடியாதது குறைவு. எழுத்து முழுக்க நம் கையில், வடிவமைப்பும் நம் கையில். தொடர்ந்து எழுதுகிறவர், மாதம் ஒரு மணி நேரமாவது பராமரிப்புக்கு ஒதுக்கத் தயங்காதவர் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதையே சொல்வேன். ஆனால் என் அளவுகோலில் இது தோற்கிறது. ஹோஸ்டிங்குக்கு (தளம் இருக்கும் சர்வரின் வாடகை) வருடா வருடம் பணம் கட்ட வேண்டும், டொமைனுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். மென்பொருளின் சிறு பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2013-இலிருந்து தானாகவே நடக்கின்றன என்றாலும், கூடுதல் வசதிக்காக நாம் சேர்க்கும் துணை நிரல்களான பிளக்இன்களுக்கு அந்த வசதியை நாம்தான் இயக்கிவிட வேண்டும். எழுதியவரே கைவிட்ட பிளக்இன் ஒன்று உள்ளே இருந்தால் மேம்படுத்தல் எங்கிருந்து வரும்? ஆளில்லாத வீட்டில் திறந்து கிடக்கும் ஜன்னல் அது.

நான் முன்பு ஒருமுறை இப்படி இரண்டாவது தளம் ஒன்று வைத்திருந்தேன், புத்தகங்களைப் பற்றி எழுத. பணம் கட்டச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் நான் பார்க்காத மின்னஞ்சலுக்குப் போயின. அட்டையும் காலாவதியாகியிருந்தது. டாட் காம் பெயர் ஒன்றை உரிய நேரத்தில் புதுப்பிக்காமல் விட்டால் உடனே கைவிட்டுப் போவதில்லை. பதிவு நிறுவனம் அதை ரத்து செய்த பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கட்டணம் கூடுதலாக இருக்கும். அதற்கப்புறம் ஐந்து நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான் பார்த்தபோது அந்தக் கட்டங்கள் எல்லாம் தாண்டியிருந்தன. என் பெயரில் வேறு யாரோ சூதாட்ட விளம்பரம் போட்டிருந்தார்கள். 40 கட்டுரைகளில் 11 மட்டும் வேபேக் மெஷினில் கிடைத்தன. மீதி எங்கேயும் இல்லை. அவற்றில் எதை எழுதினேன் என்பதுகூட இப்போது எனக்கு முழுதாக நினைவில்லை, அதுதான் அதிகம் வலிக்கிறது.

அதே மென்பொருளில் ஓடும் சேவையான வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவச வலைப்பூ வேறு விஷயம். ஹோஸ்டிங் தலைவலி இல்லை, விளம்பரம் தெரியும், பிளக்இன் போட முடியாது. ஏற்கெனவே அங்கே எழுதியவர் அங்கேயே தொடரலாம். பிளாக்கரிலிருந்து அங்கே போவதற்கு வலுவான காரணம் எனக்குப் புலப்படவில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. பழைய பிளாக்கர் வலைப்பூவின் மேலேயே சொந்த டொமைனைப் பொருத்தலாம். அப்படிச் செய்தால் பிளாக்கர் இலவசமாகக் கொடுத்த பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிறவர்கள் தானாகவே புது முகவரிக்குப் போய்ச் சேருவார்கள், இணைப்பு எதுவும் அறுவதில்லை. பின்னால் வேறு மென்பொருளுக்கு மாற நினைத்தாலும் டொமைன் நம்முடையது, பெயரைக் கையோடு கொண்டு போகலாம். டொமைன் காலாவதியாகிப் பெயர் போனாலும் எழுத்து கூகுளிடம் பத்திரமாக இருக்கும், அமைப்பை நீக்கினால் பழைய முகவரி மீண்டும் வேலை செய்யும். புது முகவரிக்கு வந்த இணைப்புகள் மட்டும் போகும். அடுத்த இடைவெளியைத் தாங்கும் வழிகளில் இதற்கு நான் இரண்டாம் இடம் கொடுப்பேன். முதலிடம் டொமைனே இல்லாத பழைய முகவரிக்குத்தான்.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஜெக்கில், ஹ்யூகோ போன்ற கருவிகளால், முன்பே தயாரித்த பக்கங்களை அப்படியே காட்டும் நிலைப்பக்கத் தளம் அமைப்பார்கள். பதிவு ஒவ்வொன்றும் சாதாரண உரைக்கோப்பு, உடைக்க உள்ளே தரவுத்தளமே கிடையாது. பத்து வருடம் விட்டாலும் நிற்கும். ஆனால் திரும்பி வரும்போது அந்தக் கருவியை மறுபடி கணினியில் நிறுவி ஓடவைப்பதற்குள், எழுத உட்கார்ந்த வேகம் போய்விடுகிறது. அது கைவந்தவர்களுக்கு மட்டும்.

நியூஸ்லெட்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் எழுதத் திரும்புகிறவர்களை இப்போது அதிகம் இழுப்பது அதுதான். 2017-இல் வந்த சப்ஸ்டாக் என்ற சேவை இதை எளிதாக்கிவிட்டது. எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் சந்தாதாரர் எல்லோருக்கும் மின்னஞ்சலாகவே போய்விடுகிறது. வாசகர் நம்மைத் தேடி வர வேண்டியதில்லை. பணம் வாங்கி எழுதினால் அதில் பத்து விழுக்காடு அவர்களுக்கு, இலவசமாக எழுதினால் ஒன்றுமில்லை. சந்தாதாரர் பட்டியலைத் தரவிறக்கி வேறிடத்துக்கு எடுத்துப் போகலாம் என்பது பெரிய விஷயம். வேறெந்த இடத்திலும் கிடைக்காத நெருக்கமும் இதில் உண்டு. எனக்கு வந்த பதில்கள் பின்னூட்டங்களைவிட நீளமாக இருந்தன, கடிதம் மாதிரி.

ஆனால் கடிதம் போடுகிறவரிடம் அடுத்த கடிதத்தை எதிர்பார்ப்பார்கள். வலைப்பூவில் ஆறு மாதம் எழுதாவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை, பழைய பதிவுகள் தம்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். நியூஸ்லெட்டர் நின்றால் முழுக்க நிற்கிறது. பழைய இதழ்கள் இணையத்தில் இருக்கும்தான், ஆனால் அதன் உயிர் அனுப்புவதில்தான் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து அதே பட்டியலுக்குத் திடீரென்று ஒன்று அனுப்பினால் பாதிப் பேருக்கு நாம் யாரென்று நினைவிருக்காது. சில முகவரிகள் செத்திருக்கும். சிலர் ஸ்பேம் என்று குறித்துவிடுவார்கள், அது சேரச் சேர மற்றவர்களுக்கும் நம் கடிதம் உள்பெட்டிக்குப் போகாது. தையல் பதிவு போல, தேவைப்படும்போது தேடி வந்து படிக்கும் எழுத்துக்கு இது பொருந்தவும் இல்லை. பாபின் சிக்கும் நாளில்தான் ஒருவருக்கு அந்தப் பதிவு வேண்டும், நான் அனுப்பும் வெள்ளிக்கிழமையில் இல்லை.

அன்றாட நிகழ்வுகளை ஒட்டி, வாராவாரம் எழுதும் பழக்கம் உள்ளவருக்கு நியூஸ்லெட்டர்தான் சரியான இடம் என்று மனதாரச் சொல்வேன். இடைவெளி விட்டுவிட்டு எழுதுகிறவருக்கு அது ஒரு சுமை.

ஃபேஸ்புக் பற்றி ஒரு பத்தி போதும். கூட்டம் அங்கேதான் இருக்கிறது, முதல் நாளே 50 பேர் விருப்பக்குறி போடுவார்கள், நின்றுபோன கைக்கு அது நல்ல தெம்பு. ஆனால் மூன்று மாதம் முன்பு நானே எழுதியதை அங்கே தேடி எடுக்க அரை மணி நேரம் ஆகிறது. பதிவை வலைப்பூவில் எழுதி இணைப்பை அங்கே போடுங்கள், அதுவே போதும்.

முதல் பதிவாக என்ன எழுதுவது என்பதிலும் இரண்டு பக்கம் உண்டு. "மன்னிக்கவும், நீண்ட நாள் எழுத முடியவில்லை, இனி வாரம் ஒரு பதிவு" என்று ஆரம்பிப்பது ஒன்று, எதுவுமே சொல்லாமல் நேராக விஷயத்துக்குப் போவது இன்னொன்று. முதல் வகையை நான் இரண்டு முறை எழுதியிருக்கிறேன், இரண்டு முறையும் அதுவே அந்த வருடத்தின் கடைசிப் பதிவானது. சொன்ன கெடு தவறியதும் உள்ளே போகவே தயக்கமாகிவிடுகிறது. தேடி வருகிறவருக்கு நாம் நடுவில் நின்றதே தெரியாது, தெரிந்த நாலு பேருக்கு மன்னிப்பு தேவையே இல்லை. நேராக ஆரம்பியுங்கள்.

நான் பழைய இடத்திலேயே இருந்துவிட்டேன். டொமைன் வாங்கவில்லை. பேக்கப் எடுத்து, படங்களைத் தனியாக ஒரு வெளிப்புற வன்தட்டில் போட்டு வைத்தேன். பின்னூட்டத்துக்கு இப்போதும் ஒப்புதல் வைத்திருக்கிறேன், ஆனால் புதிதாக ஒன்று வந்தால் நான் தினமும் பார்க்கும் மின்னஞ்சலுக்குச் செய்தி வரும்படி மாற்றியாயிற்று. அப்புறம் அந்த 2019 பின்னூட்டத்தை வெளியிட்டு, கீழே பதில் எழுதினேன்: தடித்த துணிக்கு 16-ஆம் எண் ஊசி போடுங்கள், ஊசி வளைந்திருந்தாலோ முனை மழுங்கியிருந்தாலோ தையல் விட்டுப்போகும், மாற்றிப் பாருங்கள். பதிலே நீளமாகப் போனதால், ஊசி எண்களைப் பற்றித் தனிப் பதிவாகவே எழுதி அதன் இணைப்பையும் அங்கே கொடுத்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த வலைப்பூவில் நான் வெளியிட்ட முதல் பதிவு அதுதான்.